அவசரக்காரன் பியேர் நியோக்ஸ்: ‘லோம் ப்ரெஸ்ஸே’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போல் மோரான் எழுதி, 1941-ல் பாரிஸின் காலிமார் பதிப்பகம் வெளியிட்ட நாவல் ‘லோம் ப்ரெஸ்ஸே’. எனக்கு மிகவும் நெருக்கமான ஃபிரெஞ்சு நாவல்களில் ஒன்று. யாரிடமாவது இதைப் படிக்கச் சொன்னால் திரும்பி வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். முடிவை மட்டும் சொல்லப் போவதில்லை.

முதலில் கதை என்ன?

பியேர் நியோக்ஸ் பாரிஸில் ஒரு பழம்பொருள் வியாபாரி. வயது 35. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம். எதையும் ஆற அமரச் செய்ய வராது. கூட இருப்பவர்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. வீட்டு வேலைக்காரர் போய்விடுகிறார், தொழிலில் கூட இருந்த ஒரே நண்பன் பிளாசித் போய்விடுகிறான், கடைசியில் வளர்த்த பூனைகூட இவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இந்த நிலையில் எத்விஜ் என்ற பெண்ணைப் பார்க்கிறான். அவளோ சொன்ன நேரத்துக்கு எங்கும் வந்து பழக்கமில்லாத, நிதானமே உருவான பெண். அவளுக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள நியோக்ஸ் உண்மையாகவே முயல்கிறான். முடிந்ததா இல்லையா என்பதுதான் நாவல்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

‘அவசரக்காரன்’ என்றால் போதும், பொருள் வந்துவிடும். ஆனால் ஃபிரெஞ்சுச் சொல்லில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ‘ப்ரெஸ்ஸே’ என்றால் அவசரத்தில் இருப்பவன், அதே சொல்லுக்குப் பிழியப்பட்டது என்றும் பொருள். பாரிஸ் காபிக் கடைகளில் ‘சித்ரோன் ப்ரெஸ்ஸே’ என்று கேட்டால் உயரமான கண்ணாடித் தம்ளரின் அடியில் பிழிந்த எலுமிச்சைச் சாறு, பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர், சர்க்கரை என்று தனித்தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நாமே கலந்துகொள்ள வேண்டும். நாவலைப் படித்து முடித்த பிறகு எனக்கு இந்த இரண்டாவது பொருள்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது. நியோக்ஸ் ஓடுகிறவன் மட்டுமில்லை, ஒவ்வொரு நிமிஷத்தையும் பிழிகிறவன், பிழிந்த பிறகு கையில் தோல்தான் மிஞ்சுகிறது. இதைத் தமிழில் ஒரே சொல்லில் கொண்டுவர எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

இவ்வளவு அவசரப்படுகிறவன் ஏன் பழம்பொருள் வியாபாரியாக இருக்கிறான்? பொருந்தவே இல்லையே?

மோரான் வேண்டுமென்றே செய்தது அது. பழம்பொருளின் மதிப்பே அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காலம்தான். ஒரு சிலையை வாங்குவதற்கு முன் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பிற்காலத்தில் ஒட்டிய கை எது, மூக்கு எது என்று தடவிப் பார்க்க வேண்டும், யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனது என்று விசாரிக்க வேண்டும். நியோக்ஸுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பாரிஸிலேயே வேகமான வியாபாரி, ஆனால் தேர்ந்த வியாபாரி என்று சொல்லிவிட முடியாது. 800 வருஷம் நின்ற இடத்தில் நின்ற கல்லை அரை மணி நேரத்தில் பேசி முடிக்கப் பார்ப்பான்.

கதையின் முடிச்சே அப்படி ஒரு வியாபாரத்தில்தான் விழுகிறது. தெற்கே புரோவான்ஸில் ‘மா வியே’ என்று ஒரு பழைய பண்ணைவீடு, அதோடு சேர்ந்து ரோமனெஸ்க் காலத்து, அதாவது இடைக்காலத்துக் கல் தூண்கள் சூழ்ந்த ஒரு மடாலய முற்றம். அதை ஒரு பெரியவரிடமிருந்து அவசர அவசரமாக வாங்குகிறான். விற்றவர் கையெழுத்துப் போட்ட கையோடு இறந்துபோகிறார். அவர்தான் எத்விஜின் அப்பா. பெண்ணைப் பார்க்கும் முன்பே அவள் குடும்பச் சொத்து இவன் கைக்கு வந்துவிடுகிறது. இவனுடைய வாழ்க்கையில் எல்லாமே வரிசை மாறித்தான் நடக்கும்.

மடாலய முற்றத்தை ஒருவன் வாங்குவானா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் நிஜமாகவே வாங்கினார்கள். ஜார்ஜ் கிரே பார்னார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி தெற்கு ஃபிரான்ஸில் சிதைந்து கிடந்த மடாலயங்களிலிருந்து செதுக்கிய தூண்களையும் வளைவுகளையும் வாங்கி நியூயார்க்குக்குக் கப்பல் ஏற்றினார். 1925-ல் ராக்ஃபெல்லர் பணத்தில் அந்தச் சேகரிப்பு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது, 1938-ல் ‘தி க்ளாய்ஸ்டர்ஸ்’ என்ற பெயரில் தனி அருங்காட்சியகமாகவே திறந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்த நாவல் இது.

எத்விஜ் குடும்பத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்களே, அப்படி என்ன?

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். புவாரோஸே குடும்பம் கரீபியத் தீவுப் பகுதியிலிருந்து வந்த கிரியோல் குடும்பம், அதாவது காலனித் தீவுகளில் வேர்விட்ட ஃபிரெஞ்சுக் குடும்பம். பாரிஸுக்கு மேற்கே சான்-ஜெர்மான்-ஆன்-லேயில் அம்மாவும் மூன்று பெண்களும் இருக்கிறார்கள்: ஆஞ்ஜெலிக், எத்விஜ், ஃபுரோமாந்தின். வீட்டின் நடுமையம் அம்மாவின் கட்டில். அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் பேச்சு, சண்டை, சமாதானம், தூக்கம் எல்லாம். வெளியே மணி எத்தனை என்று யாருக்கும் கவலையில்லை. பூனைக்குட்டிகள் ஒரே கூடையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, எது யாருடைய கால் என்று தெரியாமல், அப்படி ஒரு கதகதப்பு.

இதைப் படிக்கிற பலர், ‘ஆஹா, அவன் வேகம், இவர்கள் நிதானம், நிதானம்தான் நல்லது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கட்டிலும் ஒரு பொறிதான். கல்யாணம் ஆகிப்போன பெண்ணை அது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அம்மா ஒரு சொல்கூடக் கடிந்து சொல்வதில்லை, பிடித்து நிறுத்துவதும் இல்லை, அங்கேயே படுத்திருக்கிறாள், அவ்வளவுதான், பெண்கள் வந்துவிடுகிறார்கள். நியோக்ஸ் காலத்தை விரட்டுகிறான், இவர்கள் காலத்தை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. நாளைக்கு ஓடிவிடுகிற அவனும் இன்றைக்கு நகராத அவர்களும் ஒருவரையொருவர் தொடக்கூட முடியாத தூரத்தில் இருக்கிறார்கள், நடுவில் எத்விஜ் மாட்டிக்கொள்கிறாள். அவள் அப்பாவி என்றோ சோம்பேறி என்றோ ஒதுக்கிவிட்டால் நாவலில் பாதி போய்விடும்.

அப்போ நியோக்ஸ் மேல் நமக்குக் கோபம்தான் வருமா?

வரும். அப்புறம் இரக்கமும் வரும், அதுதான் விஷயம். அவன் கெட்டவன் இல்லை, கஞ்சன் இல்லை, பெண்ணை ஏமாற்றுகிறவனும் இல்லை. எத்விஜ் மேல் அவனுக்கு இருப்பது நிஜமான அன்பு. அவளுக்காகக் கல்யாணத்துக்குப் பிறகும் எதிலும் அவசரப்படக் கூடாது என்று தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறான். சிக்கல் என்னவென்றால் பொறுமையையும் அவன் ஒரு பந்தயம் மாதிரியே ஓடுகிறான். இத்தனை நாள் பொறுத்தேன், இன்னும் இத்தனை நாள் பாக்கி என்று கணக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பவனுக்குக் காத்திருப்பில் என்ன கிடைக்கும்? நம்மில் பலர் தியானம் பழகத் தொடங்கிய முதல் வாரத்தில் செல்போனில் நிமிஷத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருப்போமே, அதே நிலை.

குழந்தை விஷயத்தில் அவன் கேட்டது நிஜமாகவே நாவலில் இருக்கிறதா?

இருக்கிறது. எத்விஜ் கர்ப்பமாகிறாள். ஒன்பது மாதம் காத்திருக்க இவனால் முடியவில்லை. ஏழாவது மாதத்திலேயே பெற்றுக்கொண்டால் என்ன என்கிறான். படிக்கும்போது முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த வரியிலேயே வயிறு கலங்கியது. கேலியாக ஆரம்பித்த ஒரு நாவல் எங்கே திரும்புகிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அதுவரை அவனுடைய அவசரம் அவனையும் வேலைக்காரரையும் பூனையையும்தான் படுத்தியது, இப்போது இன்னும் பிறக்காத ஓர் உயிர்மேல் கை வைக்கப் பார்க்கிறது. ‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை’ என்பார்கள் நம் ஊரில். இவனுக்கு ஆக்கவே பொறுக்கவில்லை.

எத்விஜ் என்ன செய்வாள்? அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்தக் கட்டிலுக்கு.

இவனுக்கு ஏதாவது நோயா? இப்போது சொல்கிற ‘டைப் ஏ’ ஆளா?

நாவலிலேயே ரெஜாங்கிரான்ட்ஸ் என்று ஒரு டாக்டர் வருகிறார். அவர் நியோக்ஸை ஒரு விசித்திர மனிதனாகப் பார்க்காமல் ஒரு நோயாளியாகப் பார்க்கிறார், அவனுடைய அவசரம் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கிறார். அதற்கு மேல் சொன்னால் முடிவுக்குப் பக்கத்தில் போய்விடுவேன்.

எப்போதும் அவசரமும் போட்டியும் பொறுமையின்மையுமாக இருக்கிற ஆளைத்தான் ‘டைப் ஏ’ என்பார்கள். அந்தப் பேச்சு வந்தது இதற்குப் பிறகுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 1959-ல் அந்தக் கருத்தை வெளியிட்டார்கள், அதாவது நாவல் வந்து 18 வருஷம் கழித்து. அவர்களைப் பற்றி ஒரு கதை பிரபலம். அவர்களுடைய மருத்துவமனைக் காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு மெத்தை உறை மாற்ற வந்தவர், எல்லா நாற்காலியும் முன் விளிம்பில் மட்டுமே தேய்ந்திருக்கிறதே, முதுகுப் பக்கம் புதிதாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாராம். இதய நோயாளிகள் யாருமே சாய்ந்து உட்காரவில்லை, எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே இருந்திருக்கிறார்கள். அவசர நோய் என்றே அதற்கு ஃப்ரீட்மன் பெயர் வைத்தார்.

சரி, அறிவியல் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் அவசரத்துக்கும் மாரடைப்புக்கும் நேரடித் தொடர்பு அவ்வளவு உறுதியாக வரவில்லை, கோபமும் பகைமையும்தான் கவனிக்க வேண்டியவை என்ற பக்கம் ஆராய்ச்சி திரும்பியது. அந்த ஆய்வுகளில் சிலவற்றுக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்ததும் வெளியே வந்தது, மாரடைப்புக்குச் சிகரெட் காரணமில்லை, மனசுதான் காரணம் என்று காட்ட அவர்களுக்கு அது வசதி. ஆகவே நியோக்ஸை மருத்துவ உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த நாற்காலியின் முன் விளிம்பு இருக்கிறதே, அதில்தான் அவன் முழு நாவலும் உட்கார்ந்திருக்கிறான்.

மோரானே அப்படிப்பட்டவரா?

பெரும்பாலும் ஆமாம். 1888-ல் பாரிஸில் பிறந்தவர், வெளியுறவுத் துறை அதிகாரி. கார், குதிரை, ரயில், கப்பல் என்று எதிலும் வேகம் பிடிக்கும். 1925-ல் பாங்காக் தூதரகத்தில் வேலை கிடைத்தபோது அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று சுற்றிக்கொண்டுதான் போனார். வேகத்தைப் பற்றியே 1929-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவருடைய முதல் கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் புரூஸ்ட். 1920-களில் வந்த கதைகளில் வாக்கியங்கள் தந்தி மாதிரி வெட்டி வெட்டி வரும், ஃபிரெஞ்சு மொழியை ஜாஸ் வாசிக்க வைத்தவர் என்று எழுத்தாளர் செலின் அவரைச் சொன்னது அதனால்தான்.

ஆனால் இந்த நாவல் வரும்போது அவருக்கு வயது 53. இருபதுகளில் எதைக் கொண்டாடினாரோ அதே வேகத்தை உட்காரவைத்து விசாரிக்கிறார். எழுத்தின் வேகம் மட்டும் குறையவில்லை, நியோக்ஸைக் கண்டிக்கிற வாக்கியம்கூட நியோக்ஸ் மாதிரியே ஓடுகிறது. வெளியிலிருந்து ஒருவர் உபதேசம் செய்திருந்தால் நான் 30 பக்கத்தில் மூடி வைத்திருப்பேன்.

1941 என்றால் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் ஆயிற்றே. நாவலில் போர் இருக்கிறதா?

நேரடியாக இல்லை. கதை நடப்பது போருக்கு முந்திய உலகில். ஆனால் வெளிவந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்ததும் நகரத்தின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி பெர்லின் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெட்ரோல் கிடையாது, கார்கள் தெருவிலிருந்து மறைந்துவிட்டன, மக்கள் சைக்கிளில் போனார்கள், டாக்சிக்குப் பதில் சைக்கிளில் கட்டிய வண்டி. ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்ற ஒருவர் வீட்டுக்குப் போய் இந்த நாவலைத் திறந்தால், ஓடிக்கொண்டே இருக்கிற ஒருவனைப் பார்த்திருப்பார். ஓட முடியாத நகரத்தில் அது வந்தது என்பது எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கூடவே வருகிற நினைப்பு.

மோரான் அரசியல் ரீதியாக மோசமானவர் என்கிறார்களே?

உண்மைதான், மழுப்ப ஒன்றுமில்லை. 1940-ல் லண்டனில் ஃபிரெஞ்சு அரசின் பொருளாதாரப் பிரிவுத் தலைவராக இருந்தார். ஜெர்மனியை எதிர்த்துப் போராட அழைத்த தளபதி டி கோல் அங்கேயேதான் இருந்தார், இவர் அவரோடு சேராமல் கிளம்பி, ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் பக்கம் போனார். 1943-ல் அந்த அரசின் தூதராக புக்காரெஸ்ட், 1944-ல் பெர்ன். ஃபிரான்ஸ் விடுதலையானதும் வேலை போனது, நெடுங்காலம் சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஃபிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான ஃபிரெஞ்சு அகாதெமிக்குள் வராமல் டி கோல் தடுத்து வைத்திருந்தார், கடைசியில் 1968-ல்தான் உள்ளே வந்தார். 1934-ல் எழுதிய ‘ஃபிரான்ஸ் லா தூல்ஸ்’ நாவலில் யூத வெறுப்பு அப்பட்டமாக இருக்கிறது, இறந்த பிறகு வெளிவந்த நாட்குறிப்புகளில் இன்னும் மோசம்.

இதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. ‘எழுத்து வேறு, ஆள் வேறு’ என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை, அதே சமயம் இந்த நாவலைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. அதனால் பரிசாகக் கொடுக்கும்போது இந்தப் பத்தியில் இருப்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். படிக்க வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதுவும் நியாயமான முடிவுதான்.

படம் வந்திருக்கிறதா?

1977-ல் எதுவார் மொலினாரோ இயக்கி வந்தது. ஆலன் டெலோன் நியோக்ஸ், மிரேய் தார்க் எத்விஜ். கதையை 1970-களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டெலோன் ஓடுகிறார், நன்றாகவே ஓடுகிறார், ஆனால் நாவலின் நகைச்சுவை படத்தில் வற்றிவிட்டது.  நாவலைப் படித்த பிறகு வேண்டுமானால் பாருங்கள்.

2018-ல் ஏறக்குறைய இதே தலைப்பில் ஃபப்ரீஸ் லூகினி நடித்து ஒரு படம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன ஒரு கார் நிறுவனத் தலைவரின் சொந்த அனுபவத்திலிருந்து எடுத்தது. ‘நுவார் தெசிர்’ என்ற ஃபிரெஞ்சு ராக் இசைக்குழுவின் பாட்டு ஒன்றும் இதே பெயரில் உண்டு, அதுவும் வேறு.

வாழ்க்கையில் நிதானம் கற்றுக்கொள்ள இந்த நாவல் உதவுமா?

அதற்காக வாங்காதீர்கள். நியோக்ஸ் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்கிற ஆள் இல்லை, மோரானும் கற்றுக்கொடுக்கிற ஆள் இல்லை. எனக்கு இதில் கிடைத்தது வேறு. என் அப்பா ஓர் அவசரக்காரர். பஸ் வர 40 நிமிஷம் இருக்கும்போதே எங்களை வாசலில் செருப்போடு நிற்கவைத்துவிடுவார், கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் வண்டிச் சாவி கைக்கு வந்துவிடும், இலையில் பாயசம் விழும்போது அவர் கை கழுவிக்கொண்டிருப்பார். அவருக்கு எங்கள் மேல் அக்கறையில்லை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். எத்விஜுக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, குறைக்கக் குறைக்க மூச்சுத் திணறுகிற நியோக்ஸைப் படித்தபோதுதான், அப்பா அந்த வாசலில் எங்களுக்காக நின்ற நிமிஷங்கள் அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஃபிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும். எதில் படிப்பது?

ஃபிரெஞ்சில் காலிமார் மலிவுப் பதிப்பு கிடைக்கிறது. ஆங்கிலத்தில் யூவன் கேமரன் மொழிபெயர்ப்பு 2015-ல் புஷ்கின் பதிப்பகத்தில் வந்தது, நானும் முதலில் படித்தது அதைத்தான், ஓட்டம் கெடாமல் இருக்கிறது. ஃபிரெஞ்சில் படிப்பவர்களுக்கு இலக்கணம் கஷ்டமாக இருக்காது, வாக்கியங்கள் சின்னவை. தடுக்குவது பழம்பொருள், கட்டிடக்கலைச் சொற்கள்தான், மா வியே வருகிற பக்கங்களில் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். பூனை போகிற இடம் சீக்கிரமே வந்துவிடும், அங்கே வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.